ஓடிப்போகிற பிள்ளைகளுக்குக் கையெழுத்தும் கூரையும் வேண்டும்



நுவரெலியாவிலும் அப்புத்தளையிலும் எல்லவிலும் பழைய துரைமார் பங்களாக்கள் பல இன்று ஹோட்டல்களாகிவிட்டன. அங்கே வெளிநாட்டுச் சோடிகளுக்கு ஒரு புதுச் சரக்கு விற்கப்படுகிறது. ஊரும் வேண்டாம், உறவும் வேண்டாம். மாப்பிள்ளை, பெண், ஒரு பதிவாளர், ஒரு படம்பிடிப்பவர், பின்னால் தேயிலை மலையும் பனிமூட்டமும் போதும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'எலோப்மென்ட்'. நம் லயத்தில் இதே காரியத்துக்கு 'ஓடிப்போறது' என்று பெயர். அவர்கள் செய்தால் பூங்கொத்துக் கொடுத்து வரவேற்பு. நம் வீட்டுப் பெண் செய்தால் அவள் ஓடுகாலி. அவளைப் பெற்றவள் பீலிக்கரையில் தலைகாட்ட முடியாது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆசையில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சோடி விமானம் ஏறுவதற்கு மாதக்கணக்கில் முன்பே பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் ஒழுங்கு செய்துவிடுகிறது. திரும்பிப் போய்ச் சேர அதற்கு ஒரு வீடும் இருக்கிறது. நம் பிள்ளைகளோ ஒரு பையில் இரண்டு உடுப்பைத் திணித்துக்கொண்டு, அடையாள அட்டைகூட எடுக்காமல், பஸ் ஏறுகிறார்கள். அப்படி அவர்களை ஓடவைப்பது காதல் அல்ல. வீட்டில் வாய்திறக்க விடாத நாமும், கூரை தராத தோட்ட நிர்வாகமும், பெண்ணின் கையெழுத்தைக் கேட்காத சட்டமுமே ஓடவைக்கிறோம்.

கடதாசி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது மலையகத்தானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துண்டு முறை இருந்த காலத்தில், பற்றைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்ற துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் பேர் போடமாட்டார்கள். சொல்லாமல் போனவன் 'ஓடிப்போனவன்' என்று தேடப்பட்டு மறியலுக்குப் போனான். 1921இல்தான் அந்தத் துண்டு ஒழிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டதும் கடதாசியைத்தான். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்குபோட்டது. அண்ணன் ஒரு கரை, தங்கை ஒரு கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. அத்தனையும் பட்ட பிறகும் கலியாணப் பதிவை 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிப்போடுகிறோமே, இது நியாயமா?

கோயிலில் முறைப்படி தாலி கட்டினால் அதுவும் சட்டப்படி கலியாணந்தான். ஆனால் கட்டியதை யார் நிரூபிப்பது? ஊருக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கட்டிய தாலிக்கு எந்த மாமன் சாட்சி சொல்வான்? புருஷன் வேலைத்தலத்தில் செத்துப்போனால் நட்டஈட்டுக்கும் மரண உதவிக்கும் முதலில் கேட்பது விவாகச் சான்றிதழை. கலியாணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்ணுக்குத் தன் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கும் உரிமை உண்டு. அதற்கும் சான்றிதழ் வேண்டும். பிள்ளையின் பிறப்புப் பதிவில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று கேட்கும் ஒரு கட்டம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கட்டத்தால் தலைகுனிந்த பிள்ளைகள் எத்தனை!

இனி மலையிறங்கிக் கிழக்குக் கரைக்கு வாருங்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் நம் மொழி பேசும் முஸ்லிம் ஊர்கள். மருதமுனைத் தறிச் சேலை நம் பெண்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பக்கத்தில் கலியாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அதனால் மகளுக்கு வீடு கொடுப்பது வழமை. மூன்று மகள் என்றால் மூன்று வீடு. வாப்பா மீன் விற்றோ வயல் செய்தோ, மத்திய கிழக்குக்குப் போய் உழைத்தோ சுவர் எழுப்ப வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அப்படிக் கட்டிய வீடுகள் ஒரு காலைப்பொழுதில் போயின. சீதன வீட்டுக்காக அங்கே கலியாணம் காத்துக்கிடக்கிறது. இங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள், மாமியார், கொழுந்தன், கொழுந்திக்கு நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக் கலியாணம் நடக்கிறது. அவர்களுக்கு வீட்டின் சுமை, நமக்கு வீடே இல்லாத சுமை.

கல்முனைச் சோடி ஒன்று யாருக்கும் தெரியாமல் நுவரெலியாவுக்கு வந்து கலியாணம் முடிக்க நினைத்தால் என்ன ஆகும்? படம் பிடிக்கலாம். பொது விவாகப் பதிவாளரிடம் பதிய முடியாது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இரண்டு முஸ்லிம்களுக்கு இடையிலான விவாகத்துக்குப் பொருந்தாது. அவர்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மட்டுமே. அந்தச் சட்டத்தில் கையொப்பமிடுவது மாப்பிள்ளையும், வலீ எனப்படும் பெண்ணின் பாதுகாவலரும். பெண்ணின் கையொப்பம் கேட்கப்படுவதில்லை. அந்தச் சட்டம் குறைந்தபட்ச வயதாக 18ஐ வைக்கவுமில்லை. காதியாக ஆண்களை மட்டுமே நியமிக்க அது இடம் தருகிறது. ஓடிவந்தவள் யாரிடமிருந்து ஓடிவந்தாளோ, பெரும்பாலும் அவருடைய கையெழுத்தே அவளுக்குத் தேவைப்படுகிறது. வாப்பா வீணாக மறுத்தால் காதியிடம் முறையிட்டு அனுமதி கேட்கலாம். கேட்கப்போகும் இடத்திலும் இருப்பவர் ஓர் ஆண்.

இது நம்மோடும் முட்டுகிறது. நம் தோட்டத்துப் பெண்ணும் கரையூர் முஸ்லிம் பையனும் விரும்பினால், அவரவர் மதத்தில் இருந்தபடியே பொதுச் சட்டத்தில் பதியலாம். அங்கே இருவரும் கையொப்பமிட வேண்டும். அவள் மதம் மாறினால் 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் போகிறாள். போவதா வேண்டாமா என்பது அவள் விருப்பம். எந்தச் சட்டத்துக்குள் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகட்டும் என்றே சொல்கிறோம்.

'முஸ்லிம்களின் சட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை?' என்று சிலர் கேட்பார்கள். திருத்தம் கேட்பது நாமல்ல. முஸ்லிம் பெண்களே பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்து. பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் நிக்காஹ் பத்திரத்தில் மணமகளும் கையொப்பமிடுகிறாள். அங்கே மார்க்கம் கெட்டுவிட்டதா? சம்பளச் சீட்டில் கைநாட்டு வைத்தே ஏமாந்த நம் பாட்டிமாருக்குத் தெரியும், பெண்ணின் கையெழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்று. அந்தச் சகோதரிகள் கேட்பதை நாமும் சேர்ந்து கேட்பதில் தப்பு இல்லை.

'அப்படியானால் ஓடிப்போகச் சொல்கிறீர்களா?' என்று பெற்றோர் கேட்பார்கள். இல்லை. ஓடத் தேவையில்லாமல் செய்யுங்கள் என்கிறோம். பிள்ளைகளுக்கும் சொல்கிறோம்: 18 ஆகும்வரை பொறுங்கள். 1995 முதல் பொதுச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுதான் வயது. அதற்கு முன் ஓடினால் அது கலியாணம் ஆகாது. பையன் பொலிசுக்கும் பெண் நீதிமன்றத்துக்கும் அலைவதுதான் மிச்சம். 18 ஆனபின் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுங்கள். 12 நாள் கழித்துப் பதியலாம். அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் இருக்கிறது. இரண்டு சாட்சி போதும். பந்தலும் வேண்டாம், வட்டிக் கடனும் வேண்டாம். வெள்ளைக்காரச் சோடி செய்வதும் இவ்வளவுதான்.

'சங்கத்துக்கு இது வேலையா, சம்பளத்தைப் பாருங்கள்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1,000 ரூபாய்க்காக வருடக்கணக்கில் கத்தி 2021இல் பெற்றோம். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதை வாங்கி எந்த இளம் சோடி தனியாக ஒரு வீடு எடுக்க முடிந்தது? அதே மலையைப் படத்தின் பின்னணியாக விற்பவன், படத்தின் ஓரத்தில் கூடையோடு நிற்பவளுக்கு ஒரு காம்பரா கூடத் தருவதில்லை. இது சம்பளப் பிரச்சினை இல்லையென்றால் வேறென்ன?

ஆகவே அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு மாதர் சங்கமும் இவற்றை எழுத்தில் வைக்க வேண்டும். விவாகப் பதிவுக்கும் பிறப்புப் பதிவுக்கும் பிரதேச செயலகம் தோட்டத்துக்கே நடமாடும் சேவை நடத்த வேண்டும். பதிவுக்குப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. ஏழு பேர்ச் காணியும் வீடும் கொடுக்கும்போது உறுதியில் மனைவி பெயரும் சேர வேண்டும். புதிதாகக் கலியாணம் முடித்தவர்களைத் தனிக் குடும்பமாக எண்ணி வீட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் வாக்கால் போயிருப்பவர்கள், மணமகளின் கையொப்பத்துக்கும் 18 வயதுக்கும் ஆதரவாகக் கை உயர்த்த வேண்டும்.

பதியாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் உங்கள் லயத்திலேயே இருப்பார்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பழித்தது போதும். இந்த மாதத்துக்குள் அவர்களைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிடம் போங்கள். சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் சங்கத் தலைவரும் தலைவியும் சாட்சியாக நில்லுங்கள்.