982 பக்கங்களைத் திறந்து வையுங்கள்

கீழடி முதல் இரண்டு கட்ட அகழாய்வின் 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் திருப்பி அனுப்பியதை ஏற்க முடியாது. 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்ட அறிக்கை அது. இரண்டே கால் ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த பிறகுதான், காலக்கட்டங்களின் பெயரை மாற்ற வேண்டும், கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்ற தொடக்கத்துக்கு வலுவான சான்று வேண்டும் என்றெல்லாம் தோன்றியிருக்கிறது. இடையில், 2024 பிப்ரவரியில், ஒன்பது மாதத்தில் வெளியிடுவதாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் உறுதி கொடுத்தார்கள். அந்தக் கெடுவும் போயிற்று. காலக்கணிப்பு சரியா தவறா என்ற வாதத்துக்குள் நாம் போகவில்லை. அதை ஆய்வாளர்கள் பேசித் தீர்க்கட்டும். ஆனால் அவர்கள் பேச வேண்டுமானால் அறிக்கை அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அறிக்கைகளும் மாதிரிகளும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே ‘தகவல்’ என்று எழுதப்பட்டிருக்கின்றன. ஆவணத்தை நேரில் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், சான்றளித்த மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். கணக்குப் போட்டால் மொத்த அறிக்கையும் 1,964 ரூபாய்தான். அதைவிட முக்கியமானது நான்காம் பிரிவு. பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அதற்குரிய விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது அது. மக்கள் வரிப்பணத்தில் தோண்டி, மக்கள் வரிப்பணத்தில் எழுதிய அறிக்கைக்கு இது பொருந்தாதென்றால் வேறு எதற்குப் பொருந்தும்?

அறிக்கை இன்னும் இறுதியாகவில்லை, அறிஞர்கள் சரிபார்க்கிறார்கள் என்பார்கள். எட்டாம் பிரிவின் விலக்குப் பட்டியலில் நாட்டின் பாதுகாப்பு இருக்கிறது, அமைச்சரவைத் தாள்கள் இருக்கின்றன, வணிக ரகசியம் இருக்கிறது. ‘முடிவடையாத ஆவணம்’ என்றொரு விலக்கு இல்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் வைத்திருக்கும் வரலாற்றுச் சூழல் பதிவேடுகளுக்குப் பொருந்தும் 2004ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தகவல் விதிகளில் அப்படியொரு விலக்கு உண்டு. அங்கேகூட பொதுநலனை எடைபோட்டுப் பார்த்த பிறகே மறுக்க முடியும். நம் சட்டம் தராத சலுகையை நம் அதிகாரிகள் தாங்களாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைப் பாருங்கள்: காலம் கணித்த மாதிரிகளுக்கு ஆழத்தை மட்டும் குறித்தால் போதாது, மண்ணடுக்கின் எண்ணும் வேண்டுமாம். நியாயமான கேள்விதான். குழியின் வெட்டுமுக வரைபடத்தை விரித்து வைத்து, கரித்துண்டு எந்த அடுக்கில் கிடந்தது என்று விரல் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதைப் பார்க்கும் வாய்ப்பு ஓரிரு நிபுணர்களுக்கு மட்டும் ஏன்? அறிக்கையையும் அவர்களுடைய மறுப்பையும் சேர்த்தே வெளியிடலாமே!

இடத்தைச் சொன்னால் புதையல் திருடர்கள் வருவார்கள் என்ற அச்சம் வேறு பல தொல்லிடங்களுக்குப் பொருந்தலாம். அதற்குத்தான் பத்தாம் பிரிவு இருக்கிறது: மறைக்க வேண்டியதை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைத் தர வேண்டும். கீழடியிலோ அருங்காட்சியகமே கட்டித் திறந்தாகிவிட்டது. அங்கே மறைக்க என்ன மிச்சம்?

இது இன்று தொடங்கிய பழக்கமும் அல்ல. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டினார்கள்; அந்த மாதிரிகளின் காலக்கணிப்பு முடிவு 2019இல், வழக்கு நடந்தபோதுதான் வெளியே வந்தது. கல்வெட்டுகளின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்த மைப்படிகள் மைசூருவில் இதே துறையிடம் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. திருப்பணி என்ற பெயரில் மூலக்கல் போன இடங்களில் அந்தத் தாள்தான் எஞ்சிய ஒரே சாட்சி. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நேரில் ஆள் அனுப்பிப் பார்த்தபோது, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் 92 இருந்த இடத்தில் இல்லை. காவல் காக்க வேண்டியவர்களுக்குக் காணாமல் போனதே தெரியவில்லை! தன் பொறுப்பில் இருந்த கோயிலையும் கல்லறையையும் தொலைத்துவிட்டுத் தணிக்கை அறிக்கை வந்த பிறகு தேடிய துறைக்கு, குழிக்குள் இறங்கி வேலை செய்தவரின் அறிக்கையில் வரைபடம் தெளிவாக இல்லை என்று குறை சொல்ல என்ன தகுதி இருக்கிறது? கீழடியில் தோண்டியவரை 2017இல் அசாமுக்கு மாற்றியவர்களும் இவர்களே. அவரில்லாமல் மூன்றாம் கட்டம் நடந்தது. பிறகு மாநிலத் தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்து, 2019இல் நான்காம் கட்ட அறிக்கையை அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்துவிட்டது. அதன் முடிவுகளை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். மத்தியத் துறையின் அறிக்கையைப் பற்றி மட்டும் படிக்காமலே பேச வேண்டிய நிலைக்கு நாட்டைத் தள்ளியிருக்கிறார்கள்.

அகழாய்வு அறிக்கைகள் இப்படி ஆண்டுக்கணக்கில் முடங்காமலிருக்க ஏதாவது ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும். நாடாளுமன்றம் செய்தாலும் சரி, தகவல் ஆணையம் செய்தாலும் சரி, விரைவில் செய்ய வேண்டும். அதுவரை அந்த 982 பக்கங்களை, எழுதியவர் எழுதியபடியே, ஒரு வரி மாறாமல் வெளியிடுங்கள்.