ஆலைக்குச் சலுகை, அங்காடிக்கு என்ன?

ஒரு ஊருக்குப் புதிய தொழிற்சாலை வரப்போகிறது என்ற செய்தி கேட்டால் முதலில் மகிழ்பவர்கள் வணிகர்கள்தான். ஆயிரம் பேருக்கு வேலை என்றால் ஆயிரம் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, தீப்பெட்டி வேண்டும். எனவே தொழில் வளர்ச்சிக்கு நாம் எதிரிகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நமது கேள்வி வேறு. அந்தத் தொழிற்சாலையை அழைத்து வருவதற்குப் பொதுப்பணம் கொடுக்கப்படுகிறதே, அந்தப் பணம் யாருடையது? கொடுத்த கணக்கை யார் பார்க்கிறார்கள்? கொடுத்தபடி காரியம் நடக்காவிட்டால் யார் திருப்பிக் கட்டுவது?

மளிகைக் கடையில் பத்து ரூபாய் கடன் கொடுத்தாலும் நோட்டில் எழுதி வைக்கிறோம். கோடிக் கணக்கில் கொடுப்பதற்கு நோட்டு வேண்டாமா என்று கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

பொதுப்பணம் கொடுத்து ஆலைகளை அழைக்கும் வழக்கத்தில் அமெரிக்காவுக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. 1936ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் இதற்கென ஒரு சட்டம் செய்தது. நகராட்சிகள் கடன் பத்திரம் வெளியிட்டு ஆலைக் கட்டடம் கட்டித் தரலாம், வெளியூர் முதலாளி வந்து இயந்திரத்தை இறக்கினால் போதும் என்பது ஏற்பாடு. விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த ஏழை மாநிலம் அது. அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் மற்ற மாநிலங்களும் அதையே பின்பற்றின. யார் அதிகம் கொடுப்பது என்ற ஏலம் தொடங்கிற்று. அந்த ஏலம் இன்னும் முடியவில்லை.

அண்மைக் காலத்தில் எல்லோரும் பேசிய உதாரணம் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மவுண்ட் ப்ளசண்ட் என்ற ஊர். மக்கள் தொகை முப்பதாயிரத்துக்கும் குறைவு. 2017இல் தைவான் நாட்டு பாக்ஸ்கான் நிறுவனம் அங்கே 1,000 கோடி டாலர் முதலீட்டில் திரை தயாரிக்கும் ஆலை அமைப்பதாகவும், 13,000 பேருக்கு வேலை தருவதாகவும் அறிவித்தது. மாநில அரசு சுமார் 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தரச் சம்மதித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேலைக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் டாலர். மாநிலம் கொடுத்தது போக, ஊராட்சியும் மாவட்டமும் சேர்ந்து நிலம் வாங்கவும், சாலை போடவும், தண்ணீர்க் குழாய் பதிக்கவும் தனியாகப் பணம் ஒதுக்கின. சிலர் தங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது.

இந்தப் பணத்தை அவர்கள் திரட்டிய முறை வணிகர்கள் அறிய வேண்டியது. ஒரு பகுதியை வரையறுத்துக் கொள்கிறார்கள். இன்று அங்கே என்ன சொத்து வரி வருகிறதோ அது வழக்கம்போல் போகும். நாளை ஆலை வந்த பிறகு கூடுதலாக என்ன வரி வருமோ, அதை நம்பி இன்றே கடன் வாங்கிச் செலவு செய்துவிடுகிறார்கள். தீபாவளி விற்பனையை நம்பி ஆடி மாதத்திலேயே கடனுக்குச் சரக்கு எடுப்பதைப் போன்றது இது. விற்பனை நடந்தால் லாபம். ஐப்பசியில் மழை பிடித்துக் கொண்டால் வட்டி யார் கட்டுவது?

மவுண்ட் ப்ளசண்டில் மழை பிடித்துக்கொண்டது. சொன்ன பெரிய ஆலை எழவில்லை. 2018ஆம் ஆண்டில் குறைந்தபட்சம் 260 பேரை வேலைக்கு அமர்த்தியிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கூட எட்டவில்லை. 2021இல் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டது. 1,000 கோடி டாலர் முதலீடு 67 கோடி டாலர் ஆயிற்று. 13,000 வேலை 1,454 வேலை ஆயிற்று. சலுகையும் 8 கோடி டாலராகக் குறைந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாநில அரசு தப்பித்தது எப்படி? வேலை கொடுத்த பிறகே சலுகை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை எட்டாததால் சலுகையும் போகவில்லை. ஊராட்சியும் ஓரளவு விழிப்பாக இருந்தது. ஆலை கட்டினாலும் கட்டாவிட்டாலும், குறிப்பிட்ட ஆண்டிலிருந்து ஒரு குறைந்தபட்ச மதிப்புக்குச் சொத்து வரி கட்டியே ஆக வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கியிருந்தது. போட்ட சாலையும் குழாயும் அங்கேயே இருந்தன. 2023இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்தப் பகுதியில் நிலம் வாங்கிக் கணினித் தரவு மையம் கட்டத் தொடங்கியது. தரவு மையம் வந்தால் வரி வரும். ஆனால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள். கடைக்காரனுக்கு வரி வருவாய் வேறு, வாடிக்கையாளர் வருவது வேறு.

அதே 2017இல் அமேசான் நிறுவனம் தனது இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் வேண்டும் என்று அறிவித்தது. 238 ஊர்களும் வட்டாரங்களும் வரிசையில் நின்றன. 2018இல் நியூயார்க்கும் வர்ஜீனியாவும் தேர்ந்தெடுக்கப்பட்டன. நியூயார்க் தர முன்வந்தது சுமார் 300 கோடி டாலர். உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியதும் 2019 பிப்ரவரியில் அமேசான் அங்கிருந்து விலகிக் கொண்டது. அமேசான் சில்லறை வியாபாரத்தில் நம்மைப் போன்றவர்களின் போட்டியாளர். கடைக்காரர் கட்டும் வரியிலிருந்தே அவருடைய போட்டியாளருக்கு மானியம் என்றால் அதை வளர்ச்சி என்று எப்படி அழைப்பது?

நம் ஊர்க் கணக்கு

நமது நாட்டில் ஏற்பாடு சற்று வேறு. இங்கே நகராட்சியோ ஊராட்சியோ நிறுவனங்களைக் கூப்பிடுவதில்லை. அவற்றுக்கு அந்த வசதியும் இல்லை. மாநில அரசுதான் அழைக்கிறது. சிப்காட் நிலம் தருகிறது. வரிச் சலுகை, முத்திரைத் தாள் சலுகை, மின்சாரச் சலுகை எல்லாம் கோட்டையில் முடிவாகின்றன. ஆனால் சுமை மட்டும் உள்ளூருக்கு வருகிறது. லாரி ஓடிக் குழியாகும் சாலை உள்ளூர்ச் சாலை. பெருகும் குப்பை உள்ளூர்க் குப்பை. தண்ணீருக்கு அலைவது உள்ளூர் மக்கள்.

மாநிலங்களுக்குள் போட்டி ஏற்பட்டு, ஆளுக்கு ஆள் விற்பனை வரியை விட்டுக் கொடுத்த காலத்தை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் நஷ்டம் என்று உணர்ந்து, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய ஆலைகளுக்கு விற்பனை வரிச் சலுகை தருவதில்லை என்று மாநிலங்கள் கூடி முடிவெடுத்தன. ஆயினும் சலுகை நின்றுவிடவில்லை, பெயர் மாறியது. வாட் வரி வந்தபோது வாட் வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலத்தின் பங்கைத் திருப்பித் தருகிறார்கள். நாமோ ஜி.எஸ்.டி. கணக்கை ஒரு நாள் தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டுகிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் வந்தது. அந்தச் சாலையே மாறிப் போயிற்று. கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், வேன் ஓட்டுபவர்கள் என்று பலருக்கும் பிழைப்புக் கிடைத்தது. இதை மறுப்பதற்கில்லை. கார் ஆலையைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் வேர் விட்டன. வேர் விட்ட மரம் எளிதில் பெயர்வதில்லை.

2006இல் அதே வட்டாரத்தில் நோக்கியா செல்போன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். வரிச் சலுகைகள் தாராளமாகத் தரப்பட்டன. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அந்த வளாகத்தில் இயங்கிய பாக்ஸ்கான் பிரிவும் அதைத் தொடர்ந்து நின்றது. சலுகைக்கு எட்டு வருட ஆயுள்தான்! அந்தத் தொழிலாளர்களை நம்பிக் கடையை விரிவாக்கியவர், அட்வான்ஸ் கொடுத்து இடம் பிடித்தவர், மாதக் கணக்கு வைத்து மளிகை கொடுத்தவர் ஆகியோரின் நஷ்டத்துக்கு எந்த அரசுப் புத்தகத்திலும் வரி இல்லை.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2021இல் மூடுவதாக அறிவித்து 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் மீண்டும் வருவதாக அறிவித்தது. பாக்ஸ்கானும் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிப்பில் இன்று பல்லாயிரம் பேருக்கு வேலை தருகிறது. அமெரிக்காவில் ஏமாற்றிய அதே நிறுவனம் இங்கே வாழ வைக்கிறது. ஆக, நிறுவனத்தின் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த ஒப்பந்தத்தைத்தான் நம் கண்ணில் காட்டுவதில்லை.

யாருக்கு எவ்வளவு?

2015, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடுகள் நடந்தன. 2024 மாநாட்டில் மட்டும் 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு உறுதிமொழிகள் என்று அறிவித்தார்கள். உறுதிமொழி வேறு, போட்ட முதலீடு வேறு என்பதை வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘வாங்கிக் கொள்கிறேன்’ என்றவரெல்லாம் வாங்குவதில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்ந்தது. சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் உயர்வு; தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 75 சதவீதம். அதாவது கடைக்காரனுக்கு இரட்டிப்பு, ஆலைக்காரருக்கு அதைவிடக் குறைவு. வாடகைக் கடை வைத்திருப்பவர் மீது கட்டட உரிமையாளர் அந்த உயர்வைத் தள்ளினார். சொத்து வரி, தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம், குப்பைக் கட்டணம் என்று நகராட்சிக்கு ஆண்டு தவறாமல் கட்டி வருபவர்கள் நாம். எந்த நகராட்சியும் நமக்கு அழைப்பிதழ் அனுப்பவில்லை. நாம் எந்தச் சலுகையும் கேட்டு வரவில்லை. விட்டுப் போகவும் மாட்டோம். விட்டுப் போகமாட்டான் என்று தெரிந்தவனிடம்தான் அதிகம் வசூலிக்க முடியும் போலிருக்கிறது.

அப்படியானால் நமக்கும் அதே போல் மானியம் வேண்டும் என்று கேட்கலாமா? கூடாது என்பது நமது கருத்து. ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். கடைசியில் சிபாரிசு உள்ளவருக்குத்தான் கிடைக்கும். தனி ஒருவர் கையில் போகும் பணம் அவரோடு போய்விடும். ஊருக்குப் போடும் பணம் ஊரில் நிற்கும். 1996இல் கொத்தவால்சாவடியிலிருந்து காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. வியாபாரிகள் பணம் கட்டித்தான் கடைகளைப் பெற்றார்கள். இடமாற்றத்தில் சிரமப்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் அரசு முன்நின்று அமைத்த அந்த அங்காடி இத்தனை ஆண்டுகளாக நகரத்துக்கே சோறு போடுகிறது. எந்த வெளிநாட்டுத் தலைமையகமும் ஒரு கடிதம் எழுதி அதை மூடிவிட முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

நம் ஊருக்குத் தொழிற்பேட்டை வரும்போது வரவேற்புப் பதாகை வைப்பதோடு வணிகர் சங்கங்கள் நின்றுவிடக் கூடாது. கீழ்க்கண்டவற்றை ஒரே குரலில் கேட்க வேண்டும்.

ஒன்று, சலுகை பெறும் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தை, எவ்வளவு சலுகை, எத்தனை வேலை, எத்தனை வருடம் என்ற விவரத்துடன் தமிழில் வெளியிட வேண்டும்.

இரண்டு, சலுகை முன்பணமாக இருக்கக் கூடாது. வேலை கொடுத்த பிறகு, ஆள் கணக்கைச் சரிபார்த்த பிறகு தர வேண்டும். குறித்த காலத்துக்கு முன்பே மூடினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்று, ஆலை வருவதால் உள்ளூராட்சிக்கு ஏற்படும் சாலை, குடிநீர், குப்பைச் செலவை மாநில அரசு ஈடுகட்ட வேண்டும். அந்தச் சுமை கடை வரி உயர்வாக நம் தலையில் விழக் கூடாது.

நான்கு, ஆலை உணவகத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெயில் ஒரு பகுதியை உள்ளூர் மொத்த வியாபாரிகளிடம் வாங்கும்படி நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விலையிலும் தரத்திலும் போட்டியிட நாம் தயாராக இருக்க வேண்டும். அதில் சலுகை கேட்கக் கூடாது.

ஐந்து, வளர்ச்சிக்கென ஒதுக்கும் பணத்தில் கடைத்தெருவுக்கும் பங்கு வேண்டும். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, கழிப்பிடம், லாரி நிறுத்துமிடம், குளிர்பதனக் கிடங்கு ஆகியவை எந்தக் கட்சிக்காரரின் கடை என்று பார்க்காமல் எல்லோருக்கும் பயன்படும்.

வணிகப் பெருமக்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தக் கேள்விகளை ஆலை வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பு வரும்போதே கேட்க வேண்டும். நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வரும்போதே நமது பிரதிநிதிகள் அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தனது ஊரின் நகராட்சி வரவு செலவுத் திட்டத்தை வாங்கி, கடைத்தெருவிலிருந்து போன வரி எவ்வளவு, கடைத்தெருவுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். வரவும் செலவும் எழுதிப் பழகியவர்கள் நாம். அந்தத் தாளோடு போய்ப் பேசினால் எந்த அதிகாரியும் நம்மை எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.