ரேம் விலை ஏறியது ஏன்? எதைப் பார்த்து வாங்குவது?

ஒரத்தநாட்டில் விதை நெல் வாங்கப் போகும் விவசாயி முதலில் கேட்பது, "எந்த ரகம்?" என்றுதான். விலை பிறகு. சம்பாவுக்குரிய நீண்ட கால நெல்லைக் குறுவையில் விதைத்தால், அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் வீட்டுப் பிள்ளை, உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டுவதற்கு ரேம் வாங்கும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் ரகம் தவறினால் நஷ்டம் கொஞ்சமல்ல.

மூன்று கம்பெனிகள்

உலகில் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை மூன்றே கம்பெனிகள். தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கு வேண்டிய உயர்ரகச் சில்லுகளில் லாபம் அதிகம். ஆகவே உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. வீட்டு உபயோகத்துக்கான சரக்கு குறைந்தது. 2025 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் பல ரேம்களின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. டிசம்பர் 3-ந் தேதி மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' வியாபாரத்தையே கைவிடப் போவதாக அறிவித்தது.

ரகம் அறிவது எப்படி?

டி.டி.ஆர்.3, 4, 5 என்று ரகங்கள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று சேராது. மேஜைக் கம்ப்யூட்டரில் மூன்றாவதற்கு 240 ஊசிகள். நான்கிற்கும் ஐந்திற்கும் 288. ஊசிக் கணக்கு ஒன்றானாலும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திப் பொருத்த முயன்றால் பலகைதான் கெடும். மடிக்கணினிக்கு உரியது அளவில் சிறியது. அதுவும் தனி ரகம்.

இன்னொரு கண்ணி உண்டு. பெரிய நிலையங்களில் கழித்த சர்வர் ரேம் மலிவாகக் கிடைக்கும். டி.டி.ஆர்.4-ல் அது வீட்டுப் பலகையின் துளையில் உட்காரவும் செய்யும். ஆனால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் எழும்பாது. சீட்டில் 'ரிஜிஸ்டர்டு' என்று இருந்தால் வாங்காமல் திரும்புவதே புத்திசாலித்தனம்.

வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால், வழக்கமாக இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். சில சமயம் ஒத்துப்போகாமலும் போகும். ஆகையால் ஜோடியாக வாங்குவது மேல். பலகையைச் செய்த கம்பெனி, எந்த ரேம் ஒத்துக்கொள்ளும் என்று பட்டியல் வெளியிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

சான்றட்டை எங்கே?

குஜராத்தில் சானந்தில் மைக்ரான் ஆலை அமையும் என்று 2023 ஜூனில் அறிவிப்பு வந்தது. ஆனால் அது சில்லுகளைக் கூட்டிச் சோதிக்கும் ஆலை. சில்லின் மூலம் வெளிநாட்டுச் சரக்கே. ஆகவே உலகச் சந்தையின் ஏற்றம் தஞ்சைக் கடைத்தெருவையும் தொடாமல் விடாது.

விலையைக் கட்டுப்படுத்துவது வாங்குபவர் கையில் இல்லை. தவறான ரகத்தைத் தவிர்ப்பது அவர் கையில்தான் இருக்கிறது. விதை மூட்டையில் சான்றட்டை பார்ப்பது போல, பில்லில் ரகம், வேகம், மாற்றித் தரும் கெடு மூன்றையும் எழுதி வாங்கினால் பணம் பிழைக்கும்.