கண்டம் செய்தது யார்?

35 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அலுவலகத்தில் ஒரு கால் ஒடிந்த நாற்காலியைக்கூட நினைத்த மாத்திரத்தில் தூக்கிப் போட முடியாது. இனிப் பழுது பார்க்க முடியாது என்று விவரம் தெரிந்தவர் எழுதித் தர வேண்டும். மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். பிறகுதான் அது 'கண்டம்'. அந்த நடைமுறையை நானே திட்டியிருக்கிறேன். இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். மைக், கேசட் பிளேயர் இவற்றின் ஒலியைக் கணினிக்குள் அனுப்புவது அதன் வேலை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கினேன். மறைந்த என் மனைவி வீட்டில் பாடியவற்றை, கேசட் நாடா உதிர்ந்துபோவதற்குள் அதன் வழியாகக் கணினியில் ஏற்றி வந்தேன். இன்னும் 11 கேசட் பாக்கி.

சென்ற வருடம் பழைய கணினி செத்தது. புதியதில் பெட்டியைச் சொருக ஃபயர்வயர் துளையே இல்லை. பேரன் எங்கேயோ தேடி அதற்கான கார்டு ஒன்றை வாங்கி மாட்டினான். விளக்கு எரிந்தது, ஒலி வரவில்லை. "டிரைவர் மென்பொருள் பழசு தாத்தா, கம்பெனிதான் புதுசு தரணும்" என்றான். எழுதினேன். முதல் இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரு வரி வந்தது: 'இத்தயாரிப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது.'

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இப்படிச் செய்தவர் யாரென்று சொல்லாத வாக்கியத்தைக் கண்டால் சிவப்பு மையில் 'கி?' என்று எழுதுவார். யார்? என்று அர்த்தம். நானும் 'ஆவன செய்யப்படும்' என்று ஆயிரம் முறை எழுதிய பாவிதான். அதனால்தான் இந்த வரியின் தந்திரம் எனக்கு உடனே புரிந்தது.

கம்பெனிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ஃபயர்வயர் 1995இல் தரநிலையான இணைப்பு. யூஎஸ்பி வேகமாக வளர்ந்து அதை ஓரங்கட்டியது. அதை உருவாக்கிய ஆப்பிளே 2025இல் வந்த மேக் இயங்குதளத்தில் கைவிட்டுவிட்டது. ஒரு பொருளைக் காலம் முழுக்கச் செய்துகொண்டே இரு என்று யாரும் கேட்கவில்லை. டாட் ஒலிநாடா 1987இல் வந்தது, 2005இல் சோனி அந்தக் கருவி செய்வதை நிறுத்தியது. ஆனால் அன்று வாங்கிய டாட் கருவியை நல்ல மெக்கானிக் ஒருவர் சரிசெய்தால் இன்றும் பாடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். என் பெட்டியில் ஒரு ஸ்குரூகூடக் கெடவில்லை. ஆனால் அதை ஓட்டும் சாவி கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கிறது.

"தர முடியாது, செலவாகும்" என்பார்கள். லினக்ஸில் ஃபயர்வயர் பகுதியை 2029 வரை பார்த்துக்கொள்வதாக அதன் பொறுப்பாளர் அறிவித்திருக்கிறார். உள்விவரம் கொடுத்த சில கம்பெனிகளின் பெட்டிகள் அங்கே இன்றும் வேலை செய்கின்றன. என் பெட்டிக்காரர் கொடுக்கவில்லை. தானும் செய்ய மாட்டார், செய்கிறவனையும் விட மாட்டார். வைக்கோற்போர் நாய் கதைதான்.

"புதுசு வாங்கிக்குங்கப்பா" என்கிறான் மகன். வாங்கலாம். எட்டு மைக் சொருகும் பெட்டியைக் கடன் வாங்கிப் போட்டுச் சின்ன ஸ்டுடியோ நடத்துகிறவன் எத்தனை முறை வாங்குவான்? நல்ல பொருள் குப்பைக்குப் போவதற்கு யார் பொறுப்பு?

பிரான்சில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது 2 ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை போகக்கூடிய குற்றம். 2021 முதல் மடிக்கணினி போன்ற சிலவற்றில், எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டே விற்க வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தார்கள். நல்ல தொடக்கம்; சட்டமாக வேண்டும்.

நான் கேட்பது இரண்டுதான். விற்கும்போதே, எந்த ஆண்டு வரை டிரைவர் தருவீர்கள் என்று அட்டைப்பெட்டியில் அச்சிடுங்கள். நிறுத்தும் நாளில் சாவியைப் பொதுவில் வைத்துவிடுங்கள். இரண்டும் முடியாதென்றால், கண்டம் செய்த உத்தரவில் கையெழுத்தாவது போடுங்கள்.

கேசட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. புதுப் பெட்டிக்குப் பேரன் விலை கேட்டு வந்திருக்கிறான். வாங்கத்தான் போகிறேன், வேறு வழியில்லை. ஆனால் பழையதைத் தூக்கிப் போட மாட்டேன். அதைக் கண்டம் செய்ய நான் கையெழுத்துப் போடவில்லை.