ஈரல் மாற்றுக்கு உரியார் யார்?

ஐயப்பன்தாங்கல் பஸ் நிலையத்தில் மாலை வேளையில் சற்று நின்று நோக்குவார்க்கு, போரூர்ப் பக்கத்து வைத்தியசாலைகளினின்று திரும்புவோர் பெரிய ஸ்கேன் உறைகளை மார்போடணைத்து இறங்கும் காட்சி புதிதன்று. அவ்வுறைகளுட் சிலவற்றிற் குறித்துள்ள சில சென்டிமீட்டர் அளவே ஒருவருடைய ஆயுளைத் தீர்மானிக்கக்கூடும் என்று எண்ணுங்கால் நம் நெஞ்சு கனக்கின்றது.

கல்லீரற் புற்றுநோய் பெரும்பாலும் முன்னரே சுருங்கித் தழும்பேறிய ஈரலிலேயே தோன்றுவது. கட்டியை மட்டும் அறுத்தெடுப்பின், நோய்க்கு விளைநிலமாகிய எஞ்சிய ஈரல் அவ்வாறே நிற்கும். முழுவதையும் மாற்றுதல் நிலத்தையும் களையையும் ஒருங்கே அகற்றுவதாம். ஆனால், நோய் ஈரலைக் கடந்துவிடின் மாற்றுவதாற் பயனில்லை. 1967-இல் அமெரிக்காவில் ஸ்டார்ஸல் என்னும் டாக்டர் ஈரல் மாற்றிய ஒரு சிறு பெண், ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தும் பரவிய புற்றுநோயாலேயே இறந்தாள்.

1996-இல் மிலான் நகரத்து மஸ்ஸபெரோவும் அவர் துணைவரும் 48 நோயாளரை ஆராய்ந்து ஒரு வரம்பை வெளியிட்டனர். கட்டி ஒன்றாயின் 5 செ.மீ.க்கு மேற்படலாகாது, மூன்று வரை இருப்பின் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மேற்படலாகாது, இரத்தக் குழாயிற் புகுந்திருத்தலும் வெளியே பரவியிருத்தலும் கூடா. அங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டாருள் நான்காண்டு பிழைத்திருப்போர் நூற்றுக்கு 75 எனக் கணித்தனர். 2001-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ மருத்துவர் ஒற்றைக் கட்டிக்கு 6.5 செ.மீ. வரை இடங்கொடுத்தனர்.

ஐந்துடையானுக்கு உண்டு, ஐந்தரையுடையானுக்கு இல்லை என்பது நீதியோ என்று நண்பர் ஒருவர் நம்மைச் சினந்து வினவினார். இறந்தோர் ஈரலைப் பொறுத்தவரை நாம் வரம்பின் பக்கமே நிற்போம். 2008 முதல் நம் மாகாணத்தில் அரசாங்க முறைப்படி பகிர்ந்தளிக்கப்படும் அவ்வீரல் பொதுச்சொத்து. ஒருவனுக்கு ஈவது வரிசையில் நிற்கும் மற்றொருவனுக்கு மறுப்பதேயாம்.

உயிரோடிருக்கும் உறவினர் ஈவது வேறு கதை. அங்கே வரிசையில் எவரும் இழப்பதில்லை. ஆதலின் வரம்பைச் சிறிது தளர்த்தலாம் என்பது நம் கருத்து. எனினும் அளவு ஒன்றையே நம்புதல் தகாது. முதலிற் கட்டியைச் சுட்டோ, அதன் இரத்த ஓட்டத்தை அடைத்தோ அடக்கிச் சில திங்கள் பொறுத்திருந்து, ஆல்பா பீட்டோ புரோட்டீன் என்னும் இரத்தக் குறியையும் நோக்கவேண்டும். அப்பொழுதும் அடங்கி நிற்கும் நோயே மாற்றுக்கு உரியது.

ஈவோர் யார் என்பதையும் நாம் மறத்தலாகாது. இந்நாட்டில் அவருள் தாயரும் மனைவியருமே மிகுதி. நோயற்ற ஓர் உடலைக் கீறி ஈரலிற் பெரும்பகுதியை எடுத்தல் உயிரபாயம் அறவே அற்றதன்று. மாமியார் முதலிய சுற்றத்தார் சூழ்ந்திருக்க, 'சம்மதமா?' என்று கேட்டால் எந்தப் பெண் மறுப்பாள்? அவளைத் தனியே இருத்தி வினவுதலும், அவள் மறுப்பின் அதனை வெளியிடாது காத்தலும் மருத்துவர் கடன். கட்டியை அளப்பதிற் காட்டும் கண்டிப்பு இதிலும் வேண்டுமன்றோ?

ஹெபடைட்டிஸ் பி உண்டென்று ஒருகால் எழுதித் தந்த சீட்டை அலமாரியில் மறந்து வைத்தோர் நம் கலாசாலைக் குடும்பங்களிலும் இருத்தல் கூடும். அவர் டாக்டரைக் கண்டு, வேண்டுமாயின் ஆறு திங்களுக்கொருமுறை வயிற்றை ஸ்கேன் செய்துகொள்வாராக. இரண்டு செ.மீ. அளவிற் பிடிபடும் கட்டிக்கு, வரம்பைப் பற்றிய இவ்வழக்கே பெரும்பாலும் எழுவதில்லை.