'டென்ஷன் ஆகாதீங்க'ன்னு சொன்னா போதுமா? தீராத நோயோடு வாழ்பவர்கள் சரியான தெரபிஸ்ட்டைத் தேடுவது எப்படி?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர், சீட்டை நீட்டும்போது வாய்மொழியாக இன்னொரு மருந்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். "ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க." முடக்குவாதம், தைராய்டு, ஆஸ்துமா, மைக்ரேன், சிறுநீரகப் பாதிப்பு என எந்த கிளினிக்குக்குப் போனாலும் இந்த வரி கூடவே வரும். எப்படி டென்ஷன் ஆகாமல் இருப்பது, அதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

இது ஏதோ சிலருடைய பிரச்னை இல்லை. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. இது ஒரே ஒரு நோயின் கணக்கு. இருபது, முப்பது வயதுகளிலேயே டைப்-1 சர்க்கரை, முடக்குவாதம், குடல் அழற்சி, பி.சி.ஓ.எஸ் என்று வாழ்நாள் முழுக்க மாத்திரையோடு நாளைத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய ரத்தத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கும் மருத்துவ அமைப்பு, மனதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவிடுகிறது. உடம்பே முடியாத ஒருவர், தெரபிஸ்ட்டைத் தேடும் வேலையையும் தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த நிலை மாற வேண்டும். மாறும் வரை, அந்தத் தேடலில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

இது டிப்ரெஷனா, நோயின் களைப்பா?

முதல் குழப்பமே இங்குதான். மன அழுத்த நோயைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படுத்தப்படும் கேள்வித்தாள்களில் ஒன்று பி.ஹெச்.க்யூ-9. அதில் மொத்தம் ஒன்பது கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, உடம்பில் தெம்பு இருக்கிறதா, கவனம் சிதறுகிறதா என்பவையும் அவற்றில் அடக்கம். முடக்குவாதமோ சிறுநீரகப் பிரச்னையோ உள்ளவருக்கு மனம் நன்றாக இருந்தாலும் இவை எல்லாம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. 'எதிலும் ஆர்வம் இல்லை', 'எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது' என்பது போன்ற பதில்களுக்கு இங்கே கூடுதல் எடை உண்டு.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தால் மந்தமும் சோர்வும் வரும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி-12 குறையலாம். அதுவும் மனநிலையைப் பாதிக்கும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும். ஆகவே தெரபிஸ்ட்டைத் தேடும் அதே வாரத்தில், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் "என் மனநிலை மாறியிருக்கு, மருந்தாலயோ ரத்தத்துல எதுவும் குறைஞ்சதாலயோ இருக்குமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. 1995-ல் வில்லியம் போலன்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும், சர்க்கரை நோயாளிகளிடம் காணப்படும் ஒருவகைச் சோர்வை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 'டயாபடீஸ் டிஸ்ட்ரெஸ்' என்று அழைக்கப்படும் இது, டிப்ரெஷன் அல்ல. தினமும் ஊசி, தினமும் அளவு, ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு. ஒருநாள்கூட லீவு இல்லாத அந்த வேலை தரும் அலுப்பு. "இனிமே முடியாது, விட்ருவோம்" என்ற எண்ணம் இதிலிருந்து வருவதுதான். வேறு தீராத நோய்களோடு வாழ்பவர்களுக்கும் இந்த அலுப்பு தெரிந்ததே. இதற்கு மாத்திரையைவிட, நோயின் நடைமுறை புரிந்த ஒருவரோடு பேசுவதே உதவும்.

யாரிடம் போவது?

'தெரபிஸ்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுத முடியும். தூக்கமே இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இவரைத்தான்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல உளவியலாளர் யாரும் அதற்குக் கோபப்படுவதில்லை.

கவுன்சலர் என்ற பெயரில் இருப்பவர்களிடம்தான் கூடுதல் கவனம் தேவை. உளவியலில் முதுகலை படித்து, மூத்தவர்களிடம் பயிற்சி பெற்ற சிறந்த கவுன்சலர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வார இறுதி ஆன்லைன் கோர்ஸ் முடித்துவிட்டு இன்ஸ்டாகிராமில் கடை விரித்தவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை இப்போதைக்கு நம்முடையதுதான்.

முதல் போனில் என்ன கேட்கலாம்?

தீராத நோயோடு இருப்பவருக்குத் தேவைப்படுவது, 'இந்த நோய் போகாது' என்பதை ஏற்றுக்கொண்டு பேசத் தெரிந்த ஒருவர். அதை அறிய நான்கு கேள்விகள் போதும்.

• நாள்பட்ட நோயோ வலியோ உள்ளவர்களுக்கு இதற்கு முன்பு சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா?

• உடம்பு முடியாத நாளில் கடைசி நேரத்தில் செஷனை மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? ஆன்லைனில் பேசலாமா?

• தேவைப்பட்டால், என் சம்மதத்தோடு, என் டாக்டரிடம் பேசுவீர்களா?

• எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்? முன்னேற்றம் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டாவது கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் காலையில் விரல்கள் மடங்காமல் எழும் ஒருவருக்கும், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் ஒருவருக்கும் அதுதான் முக்கியம். 'கேன்சல் பண்ணினாலும் முழுக் கட்டணம்' என்று கறாராக இருப்பவரோடு நீண்ட நாள் தொடர முடியாது.

முறைகளைப் பொறுத்தவரை, எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்ய உதவும் சி.பி.டி-யும், மாற்ற முடியாததை ஏற்றுக்கொண்டு பிடித்தமான வாழ்க்கையை நோக்கி நகரச் சொல்லும் ஏ.சி.டி-யும் நாள்பட்ட வலிக்கும் நோய்க்கும் அதிகம் பயன்படுத்தப்படுகின்றன. பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரபிஸ்ட் தன் முறையை எளிய தமிழில் விளக்குகிறாரா என்று பார்த்தால் போதும்.

முதல் செஷனிலேயே எல்லாம் தெளிந்துவிடாது. மூன்று, நான்கு முறை பார்த்த பிறகும் 'இவருக்கு நம்ம நிலைமை புரியல' என்று தோன்றினால், வேறொருவரை மாற்றிக்கொள்ளலாம். அது நன்றி மறத்தல் ஆகாது.

எப்போது எழுந்து வந்துவிட வேண்டும்?

"பாசிட்டிவ்வா யோசிச்சா நோயே போயிடும்" என்று சொன்னால். இன்சுலினையோ ஸ்டீராய்டையோ நிறுத்தச் சொன்னால். உங்கள் வலியை "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று ஒதுக்கினால். இத்தனை செஷனில் குணம் என்று உத்தரவாதம் கொடுத்தால்.

மனநல மருத்துவரிடம் போகும்போது இன்னொரு எச்சரிக்கை. இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். ஒலான்சபின் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு லித்தியம் ஆபத்தாகலாம். வலிக்குத் தரப்படும் டிராமடால், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. அதேசமயம் நல்ல பொருத்தங்களும் உண்டு. டுலாக்ஸெடின் என்ற மருந்து மன அழுத்தம், சர்க்கரையால் வரும் நரம்பு வலி இரண்டுக்குமே தரப்படுகிறது. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

காசுக்கு என்ன செய்வது?

மருந்து, ரத்தப் பரிசோதனை என்று ஏற்கெனவே மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு செஷனுக்கும் ஆயிரக்கணக்கில் தருவது பலருக்குக் கட்டுப்படியாகாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளியாக இலவசமாகப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநலக் காப்பகம் இன்று கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவ நிலையமாக இயங்குகிறது. சாதாரண மன அழுத்தத்துக்கும் அங்கே போகலாம். கூட்டம் இருக்கும், நீண்ட செஷன் கிடைப்பது கடினம். ஆனால் நோய் என்ன என்று கண்டறியவும், மருந்து தொடங்கவும் நல்ல இடங்கள்.

டெலி மனஸ் என்ற தேசியத் திட்டத்தின் இலவச எண் 14416. 2022-ல் தொடங்கிய இதில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இன்ஷூரன்ஸ்? உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். நடைமுறையில் பல பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. கவுன்சலிங் கட்டணம் வேண்டுமென்றால், பாலிசியில் ஓ.பி. செலவு அடங்குமா என்று பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், ஊழியர்களுக்கான இலவச கவுன்சலிங் திட்டம் இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் விசாரிக்கலாம்.

"வெளிய சொல்லாத"

வீட்டில் இந்தக் குரல் கேட்காதவர்கள் குறைவு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு முடக்குவாதம் என்றாலே மறைக்கிறார்கள். அதோடு மனநலச் சிகிச்சையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். "எல்லாருக்கும்தான் சுகர் இருக்கு, நீ மட்டும் என்ன?" என்ற கேள்வியும் வரும். அதே 2017 சட்டம், சிகிச்சை பெறுபவரின் தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, நீங்கள் சம்மதிக்காமல் தெரபிஸ்ட் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ சொல்லக் கூடாது. முதல் செஷனிலேயே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

மாற வேண்டியது எது?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. தீராத நோயோடு இருப்பவர்களை நேரில் பார்க்கும் பணியாளர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். பி.ஹெச்.க்யூ-வின் சுருக்க வடிவத்தில் இரண்டே கேள்விகள்தான். கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது ஆர்வம் குறைந்திருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? மாத்திரை கொடுக்கும்போதே இதைக் கேட்கலாம். 'ஆம்' என்றால் அடுத்து யாரிடம் அனுப்புவது என்பதற்கு ஒரு பெயரும் நேரமும் தயாராக இருக்க வேண்டும். அது இல்லாமல் கேள்வி மட்டும் கேட்பது, 'டென்ஷன் ஆகாதீங்க' என்பதன் இன்னொரு வடிவமாகத்தான் முடியும்.

தனியார் சர்க்கரை கிளினிக்குகளில் உணவு ஆலோசகருக்கு ஓர் அறை இருக்கிறது, பாதப் பராமரிப்புக்கு ஓர் அறை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஓர் உளவியலாளர் உட்கார இடம் ஒதுக்குவது பெரிய செலவில்லை. அலுத்துப்போய் இன்சுலினை நிறுத்திவிட்டு ஐ.சி.யூ-வில் வந்து படுப்பவருக்கு ஆகும் செலவு, அதைவிடப் பல மடங்கு.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். டெலி மனஸ்: 14416. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050.