ஆயுசுக்கும் ஒரே ஆயிலா?

என்ஜின் ஆயில் விஷயத்தில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி மூலையில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து, குறித்த கிலோமீட்டருக்கு நூறு இருநூறு முன்பாகவே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அதே ஆளிடம், அவர் வைத்திருப்பது ஃபோர் வீல் டிரைவ் என்றால், "கிரவுன் ஆயில் எப்பண்ணே மாத்துனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அத எதுக்குத் தம்பி மாத்தணும்? லீக்கே இல்லையே!" என்பார். டிரைவரைக் கேட்டாலும் இதேதான். பட்டறையில் ஸ்பானர் பிடிக்கிறவரும் பல நேரம் இதையே சொல்கிறார். போதாக்குறைக்குச் சில கார் கம்பெனிகளும் 'ஆயுள் முழுக்கப் போதும்' என்று கையேட்டில் அச்சடித்துக் கொடுத்துவிட்டன.

கியர் ஆயில் எரியாது, அதனால் கெடாது. இந்த நம்பிக்கையின் மொத்தத் தர்க்கமும் இவ்வளவுதான். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காதவர்கள் கட்டிய கதை.

என்ஜினில் ஆயில் ஃபில்டர் இருக்கிறது. தேய்ந்து வரும் உலோகப் பொடியை அது பிடித்துக்கொள்கிறது. கிரவுன் ஆயில் நிற்கும் டிஃபரென்ஷியலில் ஃபில்டர் எங்கே இருக்கிறது? சாதாரண ஜீப்பின் கியர் பாக்ஸிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ தேடினாலும் கிடைக்காது. புது வண்டியின் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்பு, முதல் நாளிலிருந்து அதே ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. டிரெயின் நட்டில் காந்தம் வைத்திருப்பது இதனால்தான். நட்டைக் கழற்றினால் அதன் முனையில் கரும்பசை போல மெல்லிய இரும்புத்தூள் மொத்தையாக ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் மையாக வழுக்க வேண்டும். அது இயல்பான தேய்மானம். நறநறத்தாலோ, நகக்கீறல் அளவுக்குச் சில்லு கிடைத்தாலோ, உள்ளே ஒரு பல் அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஆயிலை மாற்றாதவருக்கு இந்தச் செய்தி வந்து சேர்வதே இல்லை. அவருக்குத் தெரியவரும்போது வண்டி ஊளையிடத் தொடங்கியிருக்கும்.

டிஃபரென்ஷியலுக்குள் கிரவுன் வீல், பினியன் என்ற இரண்டு கியர்களும் சேரும் இடம் சாதாரணமானதல்ல. பினியனைக் கிரவுனின் மையத்திலிருந்து விலக்கி வைக்கும் ஹைப்பாய்டு முறையை 1926-லேயே பேக்கார்ட் கார்களில் கொண்டுவந்தார்கள். பற்கள் அதிக சுமை தாங்கும். ஆனால் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று இழுபட்டும் வழுக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடிவிடும். அதனால்தான் ஜி.எல்.-5 தரக் கியர் ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அவை சூட்டில் பல்லின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து, தாங்கள் தேய்ந்து பல்லைக் காக்கின்றன. அளவு குறையாமல் ஆயில் அப்படியே நிற்கும். அதிலிருந்த மருந்து குறைந்துகொண்டே போகும். லீக் இல்லை என்று மார்தட்டுகிறவர் அளவைச் சொல்கிறார், தரத்தைச் சொல்லவில்லை.

அடுத்தது தண்ணீர். ஆக்ஸில் ஹவுசிங்குக்கு மேலே காற்று போய்வர ஒரு சின்ன பிரீதர் உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும்; பிரீதர் வழியாகவோ, அது மண் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் பெருமையாக வெள்ளத்தைக் கிழித்துப் போன வண்டிகள் எத்தனை! வடிந்த பிறகு சீட்டைக் கழற்றிக் காயவைத்தார்கள், ஃப்ளோர் மேட்டை மாற்றினார்கள். டிரெயின் நட்டைத் திறந்திருந்தால் பால் விட்ட காபி நிறத்தில் ஒன்று ஒழுகியிருக்கும். அதற்குப் பெயர் ஆயில் அல்ல.

"நான் ஃபோர் வீல் போட்டதே இல்லை, முன்பக்கத்தை எதுக்கு மாத்தணும்?" என்பது இதன் கிளைக்கதை. முன் ஹப்பில் ஃப்ரீ வீல் பூட்டு இல்லாத வண்டிகளில் லீவரைப் போட்டாலும் போடாவிட்டாலும் சக்கரங்கள் முன் டிஃபரென்ஷியலைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும்.

'ஆயுள் முழுக்க' என்பது யாருடைய ஆயுள்? ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து பல கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப்., 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் அதன் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்தப் பெட்டியை வாங்கிப் பொருத்தும் சில கம்பெனிகளின் கையேடோ தேவையில்லை என்கிறது. பெட்டியைச் செய்தவன் பேச்சைக் கேட்பதா, வாரண்டி முடிந்ததும் விலகிக்கொள்பவன் பேச்சைக் கேட்பதா? நெடுஞ்சாலையில் மட்டும் காலியாக ஓடும் வண்டிக்கு நீண்ட இடைவெளி பொருந்தலாம். எழுபது கொண்டை ஊசி ஏறி மூட்டையோடு கொல்லிமலைக்குப் போகிற ஜீப்புக்குப் பொருந்தாது.

சத்தம் வந்த பின் 140 கிரேடை ஊற்றி அடக்கும் வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும். தேய்ந்த பல்லை வளர்க்காது.

ஆயில் மாற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். முதல் விதி: மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைத் தளர்த்திப் பார்த்த பிறகே கீழே டிரெயினைத் தொட வேண்டும். துருவேறிய ஃபில்லர் திறக்காமல், ஆயிலை மட்டும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். ஃபில்லர் துளையில் வழியத் தொடங்கும்வரை புதியதை ஊற்றினால் அளவு சரி. டிஃபரென்ஷியலுக்கான ஜி.எல்.-5-ஐ கண்ணை மூடிக்கொண்டு கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள்; பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பெட்டிகள் பல ஜி.எல்.-4 கேட்கும். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்குக் கியர் ஆயிலே ஆகாது, ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப்.தான். இதற்கு மட்டும் கையேட்டை நம்புங்கள்.

தரையிலிருந்து உயரமான வண்டி என்றால் ஜாக்கியே வேண்டியிராது. தூக்கத்தான் வேண்டுமென்றால் ஸ்டாண்டு வையுங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வில்லிஸ் வம்சத்துப் பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்டை. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் அது எதிர்ப்பக்கம் சுழன்று கொடுக்க, தரையில் நிற்கும் மற்றது உருளத் தொடங்கும். பிரேக் போட்டபடியே வண்டி உங்கள் மேல் வரும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும், கரையானுக்கென்று கதவு நிலையில் பூசுவதும் வேண்டாம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பருவமழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபில்லர் பிளக்கைத் திறந்து, சுண்டுவிரலை விட்டுத் தொட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். வெண்மை கலந்திருந்தால் அன்றைக்கே வடித்துவிடுங்கள்.